பைன் காட்டில் பூச்சி எங்கே?

(அறிவியல் பகுதி)



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பகுதி எழுத எனக்கு வாய்ப்பு கிடைத்தது. போன ஆண்டு கொடைக்கானல் சுற்றுலாவில் ஒரு கேள்வி என் மனதில் விழுந்தது. அதற்கு விடை தேடி நூலகத்தில் படித்ததையும், டீச்சரிடம் கேட்டதையும், என் பெரியப்பா வயலில் பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். இடைவேளையில் நின்றபடி படிப்பவர்கள் மீதியை நாளைக்கு வந்து படிக்கலாம்!

சுற்றுலாவில் கண்டது

கும்பகோணத்தில் இரவு பஸ் ஏறி, தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் காலையில் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம். இரண்டாம் நாள் பைன் காட்டுக்குப் போனோம். சினிமாவில் பார்த்த இடம் என்று எல்லோரும் குதித்தோம். மரங்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக நின்றன. கீழே செடி கொடி என்று பெரிதாக எதுவும் இல்லை. பழுப்பு நிற ஊசி இலைகள் விழுந்து விழுந்து மெத்தை மாதிரி கிடந்தன. நடந்தால் சத்தமே கேட்கவில்லை.

எல்லோரும் போட்டோ எடுத்து முடித்ததும் டீச்சர் ஒரு போட்டி வைத்தார். "கால் மணி நேரம் டைம். யார் அதிக வகை பூச்சி கண்டுபிடிக்கிறீங்களோ அவங்களுக்குச் சாக்லேட். எதையும் பிடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது. குச்சியால சருகைத் தள்ளிப் பார்த்துட்டு மறுபடி மூடிடணும்" என்றார்.

நாங்களும் குனிந்து குனிந்து தேடினோம். சில எறும்புகள் கிடைத்தன. நான் ஒரு சிலந்தியைக் கண்டுபிடித்து "டீச்சர், டீச்சர்!" என்று கத்தினேன். "அதுக்கு எத்தனை கால்னு எண்ணு" என்றார். எட்டு. பூச்சிக்கு ஆறு கால்தான். சிலந்தி பூச்சி இனமே இல்லை. சாக்லேட் போச்சு.

மதியம் ஓர் ஓடை ஓரமாக நடந்தோம். அங்கே பைன் இல்லை. குட்டையான, வளைந்த, பாசி பிடித்த மரங்கள் நெருக்கமாக நின்றன. "இதுதான் சோலைக்காடு" என்றார் டீச்சர். அதே போட்டி, அதே கால் மணி நேரம். இலைக்கு அடியில் புழு, பூவில் ஈ, பட்டையில் வண்டு, ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சி என்று என் நோட்டில் பக்கம் நிறைந்துவிட்டது. பாதிக்குப் பெயர் தெரியாது, படம்தான் வரைந்தேன்.

"ஒரு நாள் பார்த்ததை வச்சு முடிவு சொல்லக் கூடாது. இது உங்களுக்குக் கிடைச்ச கேள்வி. விடையைத் தேடுங்க" என்றார் டீச்சர்.

அப்போது என் பக்கத்து பெஞ்சு தோழி, "பூச்சி இல்லன்னா நல்லதுதானேடி? கடிக்காதுல்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

பைன் நம் மலை மரமா?

இல்லை. கொடைக்கானலில் நாம் பார்க்கும் பைன், மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த 'பைனஸ் பாட்டுலா' என்ற வகை. அங்கே பைன் தோட்டத்தை 1906-இல் பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பிரையண்ட் பூங்கா அவர் பெயரில் உள்ளதுதான். பிறகு, குறிப்பாக 1960-களுக்குப் பின், பழனி மலையிலும் நீலகிரியிலும் பைன், வாட்டில், யூகலிப்டஸ் ஆகியவை பெரிய அளவில் நடப்பட்டன. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவியது. யூகலிப்டஸும் பைனும் விறகுக்கும் மரக்கூழுக்கும் பயன்பட்டன.

மரம் நட்டது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் அவை நடப்பட்ட இடம் வெற்றிடம் இல்லை. நம் உயர்ந்த மலைகளில், சுமார் 1,500 மீட்டருக்கு மேலே, இயற்கை இரண்டு பகுதியாக இருக்கும். பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் சோலைக்காடு. மேட்டிலும் சரிவிலும் புல்வெளி. வெள்ளைக்கார அதிகாரிகள் புல்வெளியைப் பார்த்து 'தரிசு நிலம்' என்று நினைத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. ஆகவே புல்வெளியில்தான் அதிகமாக மரம் வைத்தார்கள்.

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த இடத்தை மரத்தோட்டங்களும் விவசாயமும் பிடித்துக்கொண்டன.

உங்களுக்குத் தெரியுமா?
* 'ஷோலா' என்று உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் எழுதும் சொல், நம் 'சோலை' என்ற தமிழ்ச்சொல்தான்.
* இமயமலையில் 'சிர் பைன்' இயற்கையாக வளர்கிறது. அங்கே அது சொந்தக்காரன், நம் மலையில் விருந்தாளி.
* தென்னிந்தியாவுக்குச் சொந்தமான கூம்பு மரம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் 'நாகேயா'. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் உள்ளது. அதற்கு ஊசி இலை கிடையாது, அகன்ற இலை!

பைன் தோட்டத்தில் பூச்சி ஏன் குறைவு?

படித்ததில் எனக்குப் புரிந்த காரணங்களை வரிசையாகத் தருகிறேன்.

1. தேன் இல்லை. பைன் மரத்துக்குப் பூவே கிடையாது, கூம்புதான். அதன் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். தேனீக்கு அங்கே என்ன வேலை?

2. சாப்பாடு இல்லை. பெரும்பாலான புழுக்கள் எல்லா இலையையும் தின்னாது. நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பக்கத்தில் இருக்கும் பூவரசு மரத்தில் விட்டால் பட்டினிதான். இப்படிப் பூச்சியும் செடியும் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்து வளர்ந்தவை. மெக்சிகோ மரத்தைத் தின்னப் பழகிய பூச்சிகள் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டன. நம் மலைப் பூச்சிகளுக்கோ அந்த இலை பழக்கம் இல்லை. பைன் இலையில் பிசினும் உண்டு. பெயின்டில் கலக்கும் டர்பென்டைன் எண்ணெய் பைன் பிசினிலிருந்து எடுப்பதுதான். அந்த வாசனையை நினைத்துப் பாருங்கள், யாருக்குச் சாப்பிடத் தோன்றும்?

3. வெளிச்சம் இல்லை. நெருக்கமாக நட்ட மரங்களின் நிழலில் புல்லும் பூச்செடியும் முளைப்பது கஷ்டம். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் 'நீலகிரி மஞ்சள்' வகை வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. வேறு நாட்டில் கிடையாது. புல்வெளியில் தரையோடு தரையாக வளரும் சின்னச் சின்ன பயறு வகைச் செடிகளில்தான் அது முட்டை இடும். புல்வெளி மறைந்து இருட்டுத் தோப்பானால் அது எங்கே போகும்?

4. சருகு மக்குவதில்லை. ஊசி இலை மெழுகு பூசியது, கெட்டியானது, சத்து குறைந்தது. மக்குவதற்குப் பல காலம் ஆகும். சருகைத் தின்று மண்ணாக்கும் சின்ன உயிர்களுக்கு அது பிடிக்காத சாப்பாடு. ஆகவேதான் மெத்தை மாதிரி சேர்கிறது. கோடையில் அதில் நெருப்புப் பிடித்தால் வேகமாகப் பரவும்.

பூச்சி இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருகிறேன்.

காட்டில் பூச்சி என்பது சம்பளம் வாங்காத வேலைக்காரன். பூவைக் காயாக்குவது தேனீ, ஈ, அந்துப்பூச்சி. காட்டுமாடு, கடமான் போட்ட சாணத்தை உருட்டி மண்ணுக்குள் புதைப்பது சாணி வண்டு. அந்தச் சாணத்தில் இருக்கும் விதையும் சேர்ந்து மண்ணுக்குள் போகிறது. விழுந்த மரத்தைக் குடைந்து உரமாக்குவதும் வண்டுதான்.

அதோடு பூச்சி பறவைகளுக்குச் சாப்பாடு. கொண்டை வைத்த சின்னான் குருவியை நம் பள்ளி வேப்பமரத்திலேயே பார்த்திருப்பீர்கள். மலையிலும் சின்னான் உண்டு. அது பூச்சியும் தின்னும், பழமும் தின்னும். சோலையில் பழம் தின்றுவிட்டு, வேறிடத்தில் போய் உட்கார்ந்து எச்சம் போடும். அந்த எச்சத்தில் சோலை மரத்தின் விதை இருக்கும். பூச்சி இருந்தால் பறவை வரும், பறவை வந்தால் விதை வரும், விதை வந்தால் காடு வரும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே பூச்சிதான். இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் வரும்.

கொடைக்கானலின் மகாமகம்

நம் ஊரில் 12 ஆண்டுக்கு ஒருமுறை மகாமகம். 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. கொடைக்கானல் மலைக்கும் ஒரு மகாமகம் உண்டு. அதுதான் நீலக்குறிஞ்சி! அதுவும் 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030.

மகாமகத்தன்று குளத்தில் கூட்டம் கூடுவதுபோல், குறிஞ்சி பூக்கும்போது சரிவெல்லாம் தேனீக் கூட்டம். எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்து, காய்த்து, விதை விட்டு, பிறகு காய்ந்துவிடும். ஏன் இப்படி எல்லாம் சேர்ந்து பூக்க வேண்டும்? விதை தின்னும் பூச்சிகளும் விலங்குகளும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரேயடியாக விதையைக் கொட்டினால் மீதி விதை பிழைத்துக்கொள்ளும் என்பது ஒரு விளக்கம். கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டாலும் சாதம் மிஞ்சுமே, அதுபோல.

ஆனால் குறிஞ்சி புல்வெளிச் செடி. பைன் நிழலில் அது பூக்காது. பைன் விதைக்கு இறக்கை உண்டு. காற்றில் பறந்து பக்கத்துப் புல்வெளியில் விழுந்து முளைக்கும். அப்படி ஒவ்வோர் ஆண்டும் குறிஞ்சியின் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

ஒரே மரம் இருந்தால் ஒரே பூச்சிக்குக் கொண்டாட்டம்

"சரி, பைன் தோட்டத்துக்குப் பூச்சித் தொல்லை வராது என்ற லாபமாவது இருக்கிறதே?" என்று நான் டீச்சரிடம் கேட்டேன். அவர் ஜெர்மனி நாட்டின் கதையைச் சொன்னார்.

அங்கே ஹார்ஸ் என்ற மலை உண்டு. பழைய காலத்தில் அதன் பெரும்பகுதியில் பீச் முதலான அகன்ற இலை மரங்கள் இருந்தன. சுரங்கத்துக்கும் மரவியாபாரத்துக்கும் அவற்றை வெட்டிவிட்டு, வேகமாக வளரும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தையே வரிசை வரிசையாக நட்டார்கள். நம் பைன் தோட்டம் போலத்தான்.

ஸ்புரூஸ் மரத்துக்கு ஒரு எதிரி. மரப்பட்டை வண்டு. நீளம் சுமார் 5 மில்லிமீட்டர்தான், அரிசியை விடச் சின்னது. ஆண் வண்டு முதலில் பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரம் நல்ல ஆரோக்கியமாக இருந்தால் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். மரம் தண்ணீர் இல்லாமல் வாடியிருந்தால் பிசின் வராது. அப்போது வண்டு ஒரு வாசனையை விட்டு, "வாங்க, வாங்க, இங்கே இடம் இருக்கு" என்று மற்ற வண்டுகளைக் கூப்பிடும். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். புழுக்கள் பட்டைக்கு அடியில் வரிவரியாகக் குடைந்து, உணவு போகும் பாதையை அறுத்துவிடும். அந்த வரிகள் அச்சடித்த எழுத்துபோல் இருப்பதால் ஜெர்மன் மொழியில் அந்த வண்டுக்குப் 'புத்தகம் அச்சடிப்பவர்' என்று பெயர்!

2018-இல் தொடங்கி அடுத்தடுத்துக் கடும் வறட்சி வந்தது. மரங்கள் வாடின. வண்டு பெருகியது. அடுத்த மரமும் ஸ்புரூஸ், அதற்கடுத்ததும் ஸ்புரூஸ். வண்டுக்குத் தேட வேண்டிய கஷ்டமே இல்லை. 2018 முதல் 2021 ஏப்ரல் வரை ஜெர்மனி முழுவதும் வறட்சியாலும் வண்டாலும் புயலாலும் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் மரப்பரப்பு போய்விட்டது. இப்போது அவர்கள் ஸ்புரூஸ் தோட்டங்களைப் பல வகை மரங்கள் உள்ள கலப்புக் காடாக மாற்றி வருகிறார்கள்.

கலப்புக் காட்டில் அந்த வண்டு இருக்காதா? இருக்கும். ஆனால் ஒரு ஸ்புரூஸுக்கும் அடுத்த ஸ்புரூஸுக்கும் நடுவில் வேறு மரம் நிற்கும். வண்டைத் தின்னும் வேறு வண்டும் மரங்கொத்தியும் அங்கே குடியிருக்கும். ஆகவே ஓர் ஊரையே அழிக்கும் அளவுக்குப் பெருகாது.

பெரியப்பா வயலில் நடந்தது

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது. ஜெர்மனி ரொம்ப தூரம். ஆனால் அரசலாற்றங்கரையில் உள்ள எங்கள் வயலிலும் இதேதான் நடந்தது.

ஒரு சம்பாவில் பெரியப்பா ஆந்திரா பொன்னி நட்டிருந்தார். பக்கத்து வயல், அதற்கடுத்த வயல், எல்லாம் அதே ரகம். நெருக்கமான நடவு. யூரியாவும் கொஞ்சம் தாராளம். பயிர் கருகருவென்று வளர்ந்ததும் பெரியப்பாவுக்குப் பெருமை. இலையில் ஏதோ பூச்சி தெரிந்ததும் கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தார். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அடித்தார்.

மார்கழியில் ஒருநாள் காலையில் வயலுக்குப் போனவர் சாப்பிடாமல் திரும்பி வந்தார். வயலில் வட்ட வட்டமாகத் தீப்பிடித்துக் காய்ந்ததுபோல் ஆகிவிட்டது. புகையான்! தூரில், தண்ணீருக்கு மேலே, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. அந்த வருடம் பாதி மூட்டைதான் வீட்டுக்கு வந்தது. அக்காவுக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பெரியம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

வேளாண்மை அலுவலர் வந்து பார்த்தார். நானும் வரப்பில் நின்றேன். என் பெரியப்பா கேட்டார்: "மருந்து அடிச்சா பூச்சி குறையணும்ல சார்? எனக்கு எப்படிக் கூடிப்போச்சு?"

அவர் சொன்னார்: "நீங்க அடிச்ச மருந்துல முதல்ல செத்தது உங்க வேலையாட்கள்ங்க. சிலந்தி, தட்டான், பொறிவண்டு, புகையான் முட்டையைக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சி. எல்லாம் போயிடுச்சு. தூருக்கு அடியில இருக்கிற புகையானுக்கு மருந்து சரியா எட்டவே இல்ல. காவல்காரனைக் கொன்னுட்டுக் கதவைத் திறந்து வச்ச மாதிரி ஆயிடுச்சு."

அடுத்த சம்பாவில் அவர் சொன்னபடி பெரியப்பா செய்தார். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டார். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். தண்ணீரை அவ்வப்போது வடிய விட்டார். வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டார். மருந்து எடுப்பதற்கு முன் தூரைத் தட்டிப் பார்த்து, எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணக் கற்றுக்கொண்டார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். வரப்பில் பூ இருந்ததால் நல்ல பூச்சிகளும் வந்தன. அந்த ஆண்டும் புகையான் வந்தது, ஆனால் வட்டம் விழவில்லை.

"பாப்பா, வரப்பும் வயல்தான்னு எனக்கு அறுபது வயசுல தெரிஞ்சுது" என்றார் பெரியப்பா. எனக்கு உடனே பைன் தோப்பும் அதன் ஓரத்துச் சோலையும் கண்ணில் தெரிந்தன.

பைன் தோட்டத்தைக் கலப்புக் காடாக மாற்றுவது எப்படி?

அப்படியானால் பைனை எல்லாம் ஒரே நாளில் வெட்டிவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு.

ஒரேயடியாக வெட்டினால் மலைச்சரிவில் வெயில் பட்டு மண் காயும், மழையில் கரையும். வாட்டில் மரம் கலந்து இருந்தால் இன்னும் ஆபத்து. அதன் விதை மண்ணில் பல ஆண்டு தூங்கிக்கொண்டு இருக்கும். வெளிச்சம் கிடைத்ததும் நாற்றங்கால் மாதிரி முளைத்துவிடும். யூகலிப்டஸை வெட்டினால் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். பைன் மட்டும்தான் வெட்டினால் துளிர்க்காது.

கொடைக்கானல் அருகே வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்ற இங்கிலாந்துத் தம்பதியர் பல ஆண்டுகள் தங்கி, சோலை மரங்களுக்கு நாற்றங்கால் வைத்து, வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை மூலம் வேலை செய்தார்கள். அவர்கள் கவனித்துச் சொன்ன ஒரு விஷயம் மிக முக்கியமானது. பழைய வாட்டில், பைன் தோட்டங்களின் நிழலில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன! யாரும் நடவில்லை. முன்பு சொன்ன சங்கிலி ஞாபகம் இருக்கிறதா? பறவை போட்ட விதைதான். சோலை மரக் கன்றுக்கு நிழல் வேண்டும். அந்நிய மரம் அதற்குச் செவிலித்தாய் ஆகிவிட்டது.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. மிஞ்சியிருக்கும் புல்வெளியை முதலில் காப்பாற்ற வேண்டும். அதில் முளைக்கும் பைன், வாட்டில் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். சின்னக் கன்றைக் கையால் பிடுங்கலாம், பெரிய மரத்துக்கு ரம்பம் வேண்டும்.

2. தோட்டத்துக்குள் சோலைக் கன்றுகள் இருந்தால் பைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து வெளிச்சம் விட வேண்டும். கன்று மேலே வர வர, பைன் விலக வேண்டும்.

3. சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்தில் முதலில் தொடங்க வேண்டும். பூச்சியும் பறவையும் விதையும் வர அங்கே தூரம் குறைவு.

4. விழுந்த கட்டையில் சிலவற்றை அங்கேயே விட வேண்டும். அது வண்டுகளுக்கு வீடு.

5. முன்பு புல்வெளியாக இருந்த இடத்தில் மறுபடி புல்தான் வர வேண்டும். அங்கே நல்ல மரம் என்றாலும் நடக் கூடாது.

6. ஒரு முறை செய்துவிட்டுப் போகக் கூடாது. பல ஆண்டு திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும்.

அரசும் இதைக் கவனிக்கிறது. 1988-ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, காட்டின் முதல் வேலை வருமானம் அல்ல, இயற்கைச் சமநிலை என்று சொன்னது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

சரி, மாற்றம் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? மரம் பெரிதாக ஐம்பது ஆண்டு ஆகும். அதுவரை காத்திருக்க முடியுமா? இங்கேயும் பூச்சிதான் உதவும். காடு திரும்பும்போது முதலில் வந்து சேருபவர்களில் பூச்சிகளும் உண்டு. வண்ணத்துப்பூச்சி எத்தனை வகை, எறும்பு எத்தனை வகை என்று வருடா வருடம் எண்ணினால், மலைக்கு உடம்பு தேறுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். டாக்டர் நாடி பிடிப்பதுபோல.

நமக்கு என்ன சம்பந்தம்?

கொடைக்கானல் எங்கே, கும்பகோணம் எங்கே என்று கேட்காதீர்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பழனி மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை சண்முகாநதியாகி, அமராவதியில் சேர்ந்து, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. நீலகிரியின் தண்ணீர் மோயாறாகவும் பவானியாகவும் வந்து காவிரியில் சேர்கிறது. சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மெல்ல மெல்ல விடுகின்றன. நம் வயலுக்கு வரும் தண்ணீரில் அந்த மலையின் பங்கும் இருக்கிறது. அந்த மலையில் சாணி உருட்டும் வண்டுக்கும் நம் சோற்றில் ஒரு பங்கு உண்டு!

கடைசியாக ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நம் பள்ளி வேலியோரம் முப்பது செம்பருத்தி வைத்தோமே, எல்லாமே செம்பருத்தி வைக்கலாம் என்று கை தூக்கிச் சொன்னது நான்தான். "ஒரே மாதிரி இருந்தா அழகா இருக்கும் டீச்சர்" என்றேன். ஒரு செடியில் மாவுப்பூச்சி வந்தது. ஒரு மாதத்தில் முப்பதும் வெள்ளை பூத்துவிட்டது. எட்டு செடிதான் பிழைத்தது. அப்போது ஏன் என்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

இந்த ஆண்டு பசுமைப் படையில் மறுபடி செடி வைக்கப் போகிறோம். என் கோரிக்கை: அந்த எட்டுச் செம்பருத்தி அப்படியே இருக்கட்டும். நடுவில் உள்ள இடத்தில் ஒரு வில்வம், ஒரு எலுமிச்சை, ஒரு புங்கன், ஒரு நந்தியாவட்டை, ஒரு நொச்சி என்று வேறு வேறாக வைப்போம். ஓரத்தில் எருக்கு முளைத்தால் பிடுங்க வேண்டாம். அழகு கொஞ்சம் கலைந்துதான் இருக்கும். பரவாயில்லை, சோலையும் கலைந்துதான் இருந்தது.

செய்து பாருங்கள்

கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் இதில் ஏதாவது ஒன்றின் இளம் இலையைப் பாருங்கள். பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு! ஏமாற்றிப் பிழைப்பதற்காக அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாக மாறும். தினமும் பார்த்து நோட்டில் தேதி போட்டு வரைந்து வாருங்கள்.

பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்

1. சிலந்தி ஏன் பூச்சி இல்லை?
2. அடுத்த குறிஞ்சி எந்த ஆண்டு? அடுத்த மகாமகம் எந்த ஆண்டு?
3. தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி எது? (குறிப்பு: 2019-இல் அறிவிக்கப்பட்டது. பெயரில் 'தமிழ்' இருக்கிறது.)

முதல் இரண்டுக்கும் விடை இந்தக் கட்டுரையிலேயே உள்ளது. மூன்றாவதற்கு நூலகம் போக வேண்டும். மூன்றுக்கும் சரியாகப் பதில் எழுதி முதலில் தருபவருக்கு, எனக்குக் கிடைக்காமல் போன அந்தச் சாக்லேட்டை நான் வாங்கித் தருகிறேன்.

என் தோழிக்கு: பூச்சி இல்லன்னா நல்லது இல்லடி. கடிச்சாலும் பரவாயில்ல, இருக்கட்டும்.



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி